ஆறே கால் மணி வட்டம்

தினமும் நாகேஸ்வர ராவ் பார்க்கில் ஆறு சுற்று நடப்பதாகச் சுவாமிநாதன் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி ஜானுவும் மூன்று வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள். அவர் குட்டை உடைத்தது, மகன் நிரஞ்சன் போன லீவில் வீட்டிலுள்ள எல்லார் போனிலும் ஏற்றிக் கொடுத்த நடை ஆப்தான். பார்க்கில் ஒரே சுற்று. அப்புறம் பக்கத்து மெஸ் வாசலில் இருபத்திரண்டு நிமிடம் அசையாத புள்ளி.

"அங்க என்ன பண்ணிண்டு இருந்தேள்? தியானமா?"

"கால் வலிச்சுதுடி, உக்காந்தேன்."

"போண்டா மேலயா?"

சர்க்கரைக்காரர் அவசரமாக உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் ஜானு ஆப்பைத் திறப்பது போண்டாவைப் பிடிக்க மட்டும் இல்லை. நிரஞ்சன் ராணுவத்தில் மேஜர். இந்தத் தடவை எங்கே இருக்கிறான் என்று பெற்றவளிடம்கூடச் சொல்லக் கூடாதாம். இத்தனை ரகசியம் காப்பவன் கையில், தி.நகரில் அவள் வாங்கிக் கொடுத்த, அதே ஆப்போடு இணைந்த வாட்ச். தினமும் காலை ஆறே காலுக்கு அவன் ஓடி முடித்ததும், ஊர் பேர் இல்லாத மலை நடுவே ஒரு சிவப்பு வட்டம் அவள் போனில் விழும். பையன் நன்றாக இருக்கிறான். அதற்கப்புறம்தான் அவளுக்குக் காபியே இறங்கும்.

செவ்வாய்க்கிழமை வட்டத்துக்குக் கீழே புதிதாக ஒரு வரி: 'இதே பாதையில் ஓடும் 43 பேரைப் பாருங்கள்.' கை சும்மா இருக்குமா? தொட்டாள். நாற்பத்து மூன்று பேருடைய பெயரும் படமும், எத்தனை மணிக்கு முகாமிலிருந்து எந்த வழியாக வெளியே வந்து எந்த வழியாக உள்ளே போகிறார்கள் என்பதும் வரிசையாக வந்தன. நடுவில் சத்துமாவு விளம்பரம் வேறு. மயிலாப்பூர் சமையலறையில் நிற்கும் தனக்கே இவ்வளவு தெரிகிறதென்றால், எதிரிக்கு?

உடனே மகனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"நல்லவேளை சொன்னேம்மா. மேல சொல்லி எல்லாரையும் வாட்சைக் கழட்டச் சொல்றேன். இனிமே வட்டம் வராது. பரவாயில்லையா?"

"எனக்கென்னடா," என்றாள்.

சுவாமிநாதனுக்குத்தான் தேசபக்தி பொங்கியது. "அப்ப என் போன்லேர்ந்தும் எடுத்துடு, ஜானு. நாட்டோட பாதுகாப்பாச்சே!"

எடுத்துவிட்டாள்.

மறுநாள் ஆறே காலுக்குக் கை தானாகப் போனைத் தேடியது. ஒன்றும் இல்லை. காபி ஆறிப்போயிற்று. ஏழு மணிக்கு எண்ணெய் வாசனையோடு வந்த சுவாமிநாதன், திட்டு விழும் என்று வாசலிலேயே நின்றார்.

ஜானு திட்டவில்லை.

"தின்னுட்டுப் போங்கோ, நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா எங்க போறேள்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கோ. இந்த ஆத்துல ஒருத்தராவது எங்க இருக்கான்னு எனக்குத் தெரியணும்."