நாலு நாள் சித்தப்பா

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் வீட்டு ரெலிபோன் அடித்தால் அது சிவமலருக்குத்தான். கனடாவில், கோட்-டெ-நெய்ஜ் என்ற இடத்தில் என் மகன் இரவிச்சந்திரன் எடுத்திருந்த வீட்டின் பின்னறையில் அவளும் இரண்டு பிள்ளைகளும் வாடகைக்கு இருந்தார்கள். ரெலிபோன் குசினிச் சுவரில் மாட்டியிருந்தது. மற்றப் பக்கத்தில் பாரிசிலிருந்து கதைக்கிறவர் அவளுடைய புருசன் குணரத்தினம். கடல் கடந்து கதைக்கிற எல்லோரையும்போல அவரும் சத்தமாகத்தான் கதைப்பார். நான் மேசையில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தாலே அவர் சொல்வது அவ்வளவும் காதில் விழும்.

அந்த நேரம் என் மகன் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போய்விடுவான். தங்களுக்கு அப்பா இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

எண்பத்தைந்தில் மட்டக்களப்பிலிருந்து வெளிக்கிட்டவர்கள், பாரிஸ்வரை மூவருமாகத்தான் வந்தார்கள். அங்கே ஏஜென்சிக்காரன் கையை விரித்துவிட்டான். இப்போதைக்குத் தாயையும் பிள்ளையையும்தான் கனடாவுக்கு ஏற்றலாம், அவர் பிறகு வரட்டும் என்றான். மிராபெல் விமான நிலையத்தில் புருசன் செத்துப்போனான் என்று சொல், விதவையைத் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்ற புத்தியும் அவனுடையதுதான். சிவமலர் தாலியைக் கழற்றிப் பிள்ளையின் சட்டை விளிம்புக்குள் வைத்துத் தைத்தாள். அப்போது வயிற்றில் சின்னவன் நாலு மாதம். மூன்று வயதுக் கௌரி சொல்லவேண்டியதை அவளுக்குப் பாடமாக்கியவர் குணரத்தினம். ரொபி இனிப்புக் கொடுத்துக் கொடுத்து இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தாராம். அப்பா ஆத்துக்குப் போனவர். ஆமி சுட்டது. அப்பா செத்துப்போனார்.

அவரால் பின்னாலே வர முடியவில்லை. பிரான்சில் அவருடைய அகதிக் கேஸை நிராகரித்தார்கள். ஓர் உணவகத்தின் நிலவறையில் கோப்பை கழுவிக்கொண்டு, எட்டுப் பேரோடு ஓர் அறையில் இருந்தார். இங்கே சின்னவன் பிறந்தான், மூன்று வயதும் ஆனான். வீட்டில் தகப்பனின் படம் ஒன்றுகூட வைத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பூசை நடக்கிற மண்டபத்தில் சனங்கள் அவருடைய திவசம் எந்தத் திதி என்று கேட்டார்கள். சிவமலர் ஒரு திதியும் சொல்லி வைத்தாள்.

எண்பத்தொன்பது தையில் அவளுக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்தது. விதவை என்றுதான் கிடைத்தது. அந்தக் கடுதாசியை வைத்து உயிரோடிருக்கிறவரைக் கூப்பிட முடியாது. பொய் வெளிப்பட்டால் கடுதாசியும் போகும், பிள்ளைகளோடு திரும்ப வேண்டியதுதான் என்று விசாரணைகளில் மொழிபெயர்க்கிற ஒருவர் சொல்லியிருந்தார். ஆனால் பயணப் பத்திரம் எடுக்கலாம், விசாக் கேட்கலாம். ஒரு தாய் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாலு நாள் பாரிஸ் பார்க்கப் போவதை ஆர் தடுக்கப் போகிறார்கள்?

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பயணக் கதைதான். முதல் நாள் பிள்ளைகள் நித்திரை கொள்ளட்டும், இரண்டாம் நாள் ஈபிள் கோபுரம், மூன்றாம் நாள் மரக்குதிரைகள் சுற்றுகிற பூங்கா, நாலாம் நாளை ஒன்றுமில்லாமல் விடுவோம் என்றார் குணரத்தினம். சின்னவனுக்கென்று பழைய சாமான் விற்கிற இடத்தில் ஒரு நீலத் தள்ளுவண்டில் வாங்கினார். அதன் ஒரு சில்லு கிறீச்சிட்டது. லீவு நாட்களில் அந்த வெறும் வண்டிலைத் தள்ளிக்கொண்டு மெற்றோ மெற்றோவாகப் போய், எந்த ஸ்ரேசனில் படி குறைவு, எதில் வண்டிலைத் தூக்கவேண்டி வரும் என்று பார்த்து வந்து சொல்வார். அறையில் இருக்கிறவர்கள், பிள்ளை பெறாமலே வண்டில் தள்ளுகிறவன் என்று அவரைப் பகிடி பண்ணினார்களாம். சொல்லிவிட்டு அவரும் சிரித்தார்.

விசாப் படிவத்தை நிரப்புகிற அன்றுதான் சிவமலர் பேனையை மேசையில் வைத்தாள்.

"மாமி, கௌரி எல்லாத்தையும் ஸ்கூலிலை படிப்பிக்கிற மடமுக்குச் சொல்லுறவள். வீட்டிலை என்ன கறி எண்டதையும் விடமாட்டாள். அப்பாவைக் கண்டனான் எண்டு வந்து சொன்னாளெண்டால்?"

அந்த யோசனையை முதலில் சொன்னது நான்தான். இன்றைக்கும் அது என்னை விட்டுப் போகவில்லை.

"சித்தப்பா எண்டு சொல்லு," என்றேன். "அப்பாவின்ரை தம்பி. முகச்சாயலுக்கும் பொருந்தும்."

அவள் பேனையைத் திரும்ப எடுத்தாள். பிறகு சிரித்தாள்.

"அப்ப எனக்கு நாலு நாளைக்கு மச்சான் முறை. கலியாணத்துக்கு முதலும் அவரை மச்சான் எண்டுதான் கூப்பிட்டனான்."

"சித்தப்பா படுக்கிறது தன்ரை அறையிலை. அதை மறந்திடாதை."

"சரி மாமி. பொட்டு?"

"வைக்காதை."

குணரத்தினத்திடம் அவளே சொன்னாள். அவர், "சின்னவன் சித்தப்பாவின்ரை தோளிலை ஏறலாம்தானே?" என்று கேட்டார்.

பிள்ளைகளுக்குக் குரல் பழகட்டும் என்று மே மாதத்து ஞாயிறு ஒன்றில் அவர்களை வீட்டில் நிறுத்தினோம். பாரிசில் ஒரு சித்தப்பா இருக்கிறார் என்று கௌரிக்கு நான் சொல்லியிருந்தேன். அவளுக்குச் சந்தோசம். கோபுரத்தின் படம் ஒன்றைக் கீறி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மணி அடித்ததும் கதிரையில் ஏறி நின்று ரிசீவரை எடுத்தாள்.

"போன்ஜூர். சித்தப்பாவோ?"

"ஓம் மனே. சித்தப்பாதான்."

மட்டக்களப்பில் பிள்ளைகளை மனே என்றுதான் செல்லமாகக் கூப்பிடுவார்கள். என்ன சாப்பிட்டாய், அங்கே பனி கரைந்துவிட்டதா, தம்பிக்கு அடிப்பாயா என்றெல்லாம் விசாரித்தார். கோபுரத்தின் உச்சிக்கு ஏறலாமா என்று அவள் கேட்டாள். லிப்ற் இருக்கு, உன்னைக் கூட்டிப் போவேன் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாலு வருசம் பொறுத்த மனுசனால் அந்த ஒரு நிமிசம் பொறுக்க முடியவில்லை.

"மகள், உனக்கு அப்பாவை ஞாபகம் இருக்கா?"

கௌரி கதிரையில் நிமிர்ந்து நின்றாள், வகுப்பில் கேள்வி கேட்டதுபோல.

"அப்பா ஆத்துக்குப் போனவர். ஆமி சுட்டது. அப்பா செத்துப்போனார்."

அவர் சொல்லிக்கொடுத்த வரிசை மாறவேயில்லை. சிவமலர் கையை நீட்டினாள். பிள்ளை ரிசீவரைக் கொடுக்கவில்லை.

"அதை உனக்கு ஆர் மனே சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. நான் பார்த்தனான்."

"என்னத்தைப் பார்த்தனீ?"

"அப்பாவை. தோணிக்குள்ளை கிடந்தவர். நீலச் சாரம் கட்டியிருந்தவர். வாய் திறந்திருந்தது. அம்மா அழுதவ." சொல்லிக்கொடுத்த பாடத்தில் தோணியும் சாரமும் இல்லை; ஆனாலும் அவள் குரலில் ஒரு கலக்கமும் இல்லை. பிறகு ஏதோ யோசித்துவிட்டுக் கேட்டாள். "சித்தப்பா, நீங்க அப்ப எங்கை நிண்டனீங்க?"

"தூரத்திலை, மனே."

சிவமலர் ரிசீவரை வாங்கினாள். நான் பிள்ளைகளை அறைக்குக் கொண்டுபோக எழும்பினேன். வாசலைத் தாண்டுமுன்பே அவர் சொன்னது கேட்டுவிட்டது.

"வரவேண்டாம், மலர். அவள் என்னைச் செத்துக் கிடக்கப் பார்த்திருக்கிறாள். அந்த முகத்தோடை நான் அவளுக்கு முன்னாலை எப்பிடி வந்து நிக்கிறது?"

குழந்தைப் பேச்சு அது, நாளைக்கு மறந்துவிடுவாள் என்று சிவமலர் மன்றாடினாள். சின்னவனையாவது ஒருக்காத் தூக்கிப் பாருங்கள் என்றாள். அவர் தன் குரலைத் தாழ்த்திவிட்டார். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இடையில் லைன் அறுந்ததா, அவராக வைத்தாரா என்று அவளுக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை போய்ப் பார்த்தபோது விசா கிடைத்திருந்தது. மூவருக்கும். சிவமலர் பத்திரங்களை மாவுப் பேணிக்கு அடியில் வைத்துவிட்டு வேலைக்கு வெளிக்கிட்டாள். சித்தப்பாவுக்கு லீவு இல்லையாம் என்று கௌரிக்குச் சொன்னாள். கௌரி, அப்படியானால் வேறு சித்தப்பா இருக்கிறாரா என்று கேட்டாள்.

இரண்டு ஞாயிறு ரெலிபோன் அடிக்கவில்லை. பதினொரு மணிக்குச் சிவமலர் ஒவ்வொரு முறையும் குசினிக்கு வந்து, கழுவிய கோப்பைகளையே திரும்பவும் கழுவினாள். மூன்றாம் ஞாயிறு அடித்தது. அவர் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அங்கே வெயில் கூட என்றார். இங்கேயும்தான் என்றாள் அவள்.

"வண்டிலைக் குடுத்திட்டன்," என்றார்.

"ஆருக்கு?"

"மேல்வீட்டிலை ஒரு அல்ஜீரியாக்காரனுக்கு. பெண்சாதி பிள்ளை இப்பதான் வந்து சேர்ந்தவை."

"நல்லது," என்றாள் சிவமலர். "சில்லு கிறீச்சிடும் எண்டு அவனுக்குச் சொன்னனீங்களோ?"

"ஓம். சொன்னனான்."