கினிப்புல்லில் ஓடிய கார்

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டுவிட்டுப் போன மறுவருஷம், வெள்ளவத்தை இஸ்ஸதீன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மகள் ஜவாஹிறாவுக்கு நிக்காஹ். பம்பலப்பிட்டி மாப்பிள்ளையை என் காரில்தான் கூட்டிவருவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பெற்றோலோ யுத்தக் கூப்பனுக்கும் கிடைக்காமல் போயிற்று. சம்பந்தி வீட்டார் முன்னால் தலைகுனிய வேண்டுமே என்று நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து வீட்டுச் சவுந்தரநாயகம் மாஸ்டர், பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிறவர், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ஏன் காணும் முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறீர்? புல்லுக்குள்ள சீனி இருக்கு. திராவகத்தில அவிச்சா வெளியில வரும். அதைப் புளிக்க வைச்சு வடிச்சா ஸ்பிரிட். கார் ஓடும்."

"சாராயமா? அல்லாஹ்வே! என்ட வீட்டுலயா, மாஸ்டர்?"

"குடிக்கப்போறது கார். உமக்கென்ன பாவம்?"

நியாயம் இஸ்ஸதீனுக்குப் பிடித்துப்போயிற்று. ஆனாலும் அடுப்பை மாஸ்டர் வீட்டு முற்றத்திலேயே மூட்டச் சொன்னார்.

வண்டிக்கார வரதராசா கினிப்புல்லைக் கொண்டுவந்து மலையாகக் குவித்தார். மாஸ்டர் அதை நறுக்கி, பழைய பற்றரித் திராவகத்தில் அவித்து, சுண்ணாம்பு போட்டுத் திராவகத்தை முறித்தார். வந்த சீனிப்பாணியில் பேக்கரி ஈஸ்ட் கலந்து நுரைக்க விட்டார். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. அத்தனை பாடுபட்டு வடித்தும் தேறியது ஒரே ஒரு போத்தல். மிச்சப் புல்லையெல்லாம் வரதராசாவின் மாடு நின்ற நிலையிலேயே தின்று தீர்த்தது.

நிக்காஹ் அன்று கார் இருமியது, தும்மியது, பிறகு உண்மையாகவே ஓடியது! இஸ்ஸதீன் மாப்பிள்ளையையும் வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு ராஜா மாதிரித் திரும்பினார். பாதி வழியில், காலிக்குப் போகும் பெரிய வீதி நடுவில், ஸ்பிரிட் தீர்ந்து கார் நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இஸ்ஸதீனுக்கு அழுகை முட்டியது.

பின்னால் பந்தலுக்கு வாழைக்குலை ஏற்றிக்கொண்டு வரதராசாவின் வண்டி வந்தது. அவர் மாட்டை அவிழ்த்துக் காரில் பூட்டினார். தின்று கொழுத்த மாடு காரை இழுத்துக்கொண்டு கலியாண வீட்டு வாசல்வரை ஆடி அசைந்து நடந்தது. மாப்பிள்ளை தொப்பியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"வாப்பா, சொன்ன மாதிரியே ஒங்கட கார்லதான் வந்துட்டாங்க!" என்று ஜன்னலுக்குள்ளிருந்து ஜவாஹிறா கூவினாள். இஸ்ஸதீனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாஸ்டர் மட்டும் மாட்டின் வயிற்றைத் தடவியபடி யோசனையில் நின்றார்.

"பாத்தீரா காணும், புல்லிலதான் ஓடியிருக்கு. நான் திராவகத்தோட மாரடிச்ச வேலையெல்லாம் இந்த வயித்துக்குள்ள சும்மா நடக்குது."

"ஓம் மாஸ்டர்," என்றார் இஸ்ஸதீன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சாராயமும் இல்ல."