தம்பிக்கு வந்த அழைப்பு

தெருவில் அவளுக்குக் குரல்காரி என்றுதான் பெயர். யாரிடமும் மாதச் சம்பளத்துக்கு இல்லை. வீட்டின் சின்ன அறைச் சுவரெல்லாம் எதிரொலி வராமல் போர்வை தொங்கவிட்டு, விளம்பரம், பாடம், அறிவிப்பு என்று எது வந்தாலும் பேசிப் பதிவு செய்து கொடுப்பாள். ஒரு பெரிய கிடங்கு நிறுவனத்துக்கும் அப்படிப் பேசியிருந்தாள். 'தலைக்கவசம் அணியுங்கள்', 'வண்டி வருகிறது, விலகி நில்லுங்கள்' என்பது மாதிரி. இப்போது அவர்களின் பயிற்சிப் படம் ஒன்றுக்கும் பேசிக்கொண்டிருந்தாள். அவள் தம்பிக்கும் அங்கேதான் வேலை. "வீட்ல அதட்டுறது போதாதுன்னு அங்கயும் நீதானாக்கா?" என்று அலுத்துக்கொள்வான்.

ஒரு நாள் முற்பகலிலேயே வந்து நின்றான். செருப்பைக்கூடக் கழற்றாமல் கைபேசியை நீட்டினான்.

"கேளு."

அவள் குரல்தான். அவன் முழுப்பெயரைச் சொல்லி, "இன்றுடன் உங்கள் பணி முடிவடைகிறது. நன்றி" என்றது, சிரித்த முகத்தோடு சொல்வதுபோல.

அவள் அதை இன்னொரு முறை ஓடவிட்டாள். "நான் இதைப் பேசவே இல்லடா!"

"தெரியும். நீ என்னைக்கு என்னை முழுப்பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்க? உன் குரலை மெஷின்ல போட்டுப் பேச வச்சிருக்காங்க. எங்க செக்‌ஷன் மொத்தத்துக்கும் இதே போன்தான்."

மறுநாள் நிறுவனத்துக்குப் போனாள். மேலாளர் ஒப்பந்தத்தை எடுத்து விரித்தார்.

"'நிறுவன அறிவிப்புகளுக்கு'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இதுவும் அறிவிப்புதானே மேடம்?"

"பேசினதைப் போடத்தான் சார் ஒத்துக்கிட்டேன். பேசாததைப் பேச வைக்கலாம்னு எங்க இருக்கு?"

"கூடாதுன்னு எங்க இருக்கு?"

அவள் ஒப்பந்தத்தைத் தன் பக்கம் திருப்பினாள். அந்த வரியைப் படித்துத்தான் கையெழுத்திட்டிருந்தாள். படித்தபோது உறுத்தவில்லை. எழுந்து வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"உங்க பயிற்சிப் படத்துக்குப் பாதிதான் பேசியிருக்கேன். அந்த வரியை மாத்தி எழுதுங்க, மீதியைப் பேசுறேன். இல்லேன்னா வேற ஆளைப் பாருங்க."

பாதிப் படத்தில் குரல் மாறினால் நன்றாகவா இருக்கும்? மேலாளர் முகம் சுருங்கியது. இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டு, 'அவர் நேரில் பேசிய சொற்கள் மட்டும்' என்று திருத்தி அனுப்பினார்கள். வேலைநீக்க அழைப்பிலிருந்து அவள் குரலையும் எடுத்துவிட்டார்கள்.

ஜெயித்த கையோடு தம்பிக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"இன்னைக்கு அடுத்த செக்‌ஷனுக்குப் போன் வந்துச்சுக்கா. ஆம்பளைக் குரல்." பிறகு, "உன்மேல கோபமில்ல. ஆனா கொஞ்ச நாளைக்குப் போன் வேணாம். மெசேஜ் போடு" என்றான்.

அன்று மாலை கடையில் ரொட்டி கேட்டாள். பக்கத்தில் நின்ற பெண் வெடுக்கென்று திரும்பினாள்.

"நீங்கதானே? எங்க வீட்டுக்காரருக்குப் போன் பண்ணது?"

"நான் இல்லீங்க" என்றாள் குரல்காரி. சொல்லும்போதே அந்தப் பெண்ணின் முகம் இன்னும் இறுகுவதைப் பார்த்தாள். அதற்குமேல் வாயைத் திறக்காமல், ரொட்டியை விரலால் சுட்டிக்காட்டினாள்.