ஜன்னலோர நாற்காலி

தையல் மெஷின்களைப் பொருத்திக்கொடுக்க வெளிநாடு போன அந்த மெக்கானிக்குக் கம்பெனி தந்த படிக்காசு, ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்கே இழுபறியாக இருந்தது. மூன்று வாரம் ஓட்டியாக வேண்டும். போனில் அக்கா, "மிச்சம் பிடிக்கிறேன்னு வயித்தைக் காயப்போட்டு ஒட்டடைக்குச்சி மாதிரி வந்து நிக்காதடி" என்று சொல்லிவிட்டாள்.

நாலாம் நாள், தொழிற்சாலைக்கு எதிரே மாடியில் ஒரு சாப்பாட்டுக் கடை கண்ணில் பட்டது. நீள மேசையைச் சுற்றி லாரிக்காரர்களும் சுமைக்காரர்களும். சமைக்கிற அம்மாள் ஜன்னலோர நாற்காலியைக் காட்டினாள்.

"அதுல உக்காந்தா பாதி விலை."

"ஏன்?"

"ஒருத்தர் வருஷத்துக்கும் பணம் கட்டின இடம். இப்ப வர்றதில்ல. ஆக்கினதை வீணாக்கலாமா?"

அன்றைக்கு அந்த நாற்காலிக்கு மட்டும் பொரித்த மீன் வந்தது. ஒரு வாரம் வயிறாரச் சாப்பிட்டாள். "ராஜ கவனிப்புக்கா" என்று அக்காவிடம் பெருமையடித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை மீன் இல்லை. சூப்பில் உப்பில்லை. பக்கத்திலிருந்த உப்புக் குப்பியை எடுக்கப் போனவளின் கையை அம்மாள் மெல்லத் தடுத்தாள்.

"இந்த நாற்காலிக்கு உப்பு ஆகாது."

எதிரே இருந்த லாரிக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மறுநாள் மசித்த உருளைக்கிழங்கு. அதற்கு மறுநாள் வடிகட்டிய கஞ்சி. பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போயிற்று. ஸ்குரூடிரைவர் கையில் நடுங்கியது. ஆனால் பசிக்கவே இல்லை. ஒரு மணி அடித்தால் கால் தானாகப் படியேறியது. அதுதான் அவளுக்குத் திகிலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கஞ்சித்தண்ணீர் மட்டும் வந்தது.

"எனக்கு மட்டும் ஏம்மா இப்படி?"

"பணம் கட்டினவருக்குக் கடைசியா எந்த நாள்ல எது தொண்டையில இறங்கிச்சோ, அதைத்தான் வைக்கிறேன். வரிசை மாறாது."

"நாளைக்கு?"

அம்மாள் மேசையைத் துடைத்துக்கொண்டே, "ஒரு கரண்டி தண்ணி. அதோட சரி. அப்புறம் முதல்லேருந்து" என்றாள்.

சனிக்கிழமை ஒரு மணிக்குக் கால் எழுந்தது. அவள் மெஷின் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். காலின் இழுப்பு அடங்கியதும் முக்குக் கடையில் ரொட்டியும் அவித்த முட்டையும் உப்புப் பொட்டலமும் வாங்கி, தெரு பெஞ்சில் உட்கார்ந்தாள். முதல் வாய் இறங்க மறுத்தது. தண்ணீர் குடித்துத் தள்ளினாள். நாக்கில் உப்பு சுரீரென்றது. அழுகை வந்தது. அழுதுகொண்டே இரண்டாவது முட்டையை உரித்தாள்.

மிச்ச நாளெல்லாம் ரொட்டி, முட்டை, வாழைப்பழம். காசும் மிஞ்சியது, கையும் நிதானப்பட்டது.

கிளம்புகிற நாள் மத்தியானம், பயணப் பெட்டியோடு ஒருவர் அந்தப் படியில் ஏறுவதைப் பார்த்தாள். பின்னாலேயே ஓடினாள். அதற்குள் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முன்னால் பொரித்த மீன்.

"அண்ணே, அந்த நாற்காலி வேணாம். எழுந்திருங்க."

"பாதி விலைம்மா. மீனைப் பாரு."

அவள் மீதிப் பாதி விலையைத் தன் காசிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். அவர் புரியாமல் சிரித்துவிட்டு, பக்கத்து நாற்காலிக்கு மாறினார். தட்டை எடுத்துக்கொள்ள அம்மாள் விடவில்லை.

விமானத்துக்கு நேரமாகிவிட்டது. மறுநாள் அவர் எங்கே உட்கார்ந்தாரோ, அவளுக்குத் தெரியாது.