பெசன்ட் நகருக்குப் போன பாட்டு வகுப்புக் கூரை

தொண்ணூற்று நான்கு ஐப்பசிப் புயலில், மயிலாப்பூர் சூடாமணி டீச்சரின் மொட்டைமாடித் தகரக் கூரை இரும்புச் சட்டத்தோடு கிளம்பிப் போய், பெசன்ட் நகர் கடற்கரைக்கு மேலே தென்னைமர உயரத்தில் நின்றுகொண்டது. முதலில் ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு சுண்டல்காரர்கள் அதன் நிழலுக்கு இடம் மாறிக்கொண்டார்கள், அவ்வளவுதான். கவலையெல்லாம் டீச்சருக்குத்தான். இருபது வருஷமாக அந்தக் கூரைக்குக் கீழேதான் பாட்டு வகுப்பு. சீக்கிரம் கூரை போடாவிட்டால் பிள்ளைகள் ஒவ்வொன்றாக அபிராமபுரத்து வாத்தியாரிடம் போய்விடும். அதுகளை விட்டால் டீச்சருக்கு வேறு யாரும் கிடையாது. நல்லவேளை, வீட்டை இன்ஷூர் செய்து வைத்திருந்தார்.

சேதத்தைப் பார்க்க சர்வேயர் கலீமுல்லா வருகிறார் என்று தெரிந்ததும் டீச்சருக்குக் கை கால் ஓடவில்லை. வெளி மனுஷர் வருகிற வீடு அலங்கோலமாகக் கிடக்கலாமா? உடைந்த செங்கல், முறுக்கிக்கொண்ட குழாய் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி, மாடியை அலம்பி, பெரிய கோலமும் போட்டு வைத்தார். கலீமுல்லா காபியைக் குடித்துவிட்டுக் கேமராவும் கையுமாக விழித்தார்.

"சேதம் எங்கம்மா?"

"நீங்க வரேள்னு நேத்தே பெருக்கித் தள்ளிட்டேனே!"

"கோலத்தைப் படம் எடுத்துக் குடுத்தா ஆபீஸ்ல சிரிப்பாங்கம்மா. அந்தக் கூரையையாவது கண்ணுல காட்டுங்க."

பஸ் பிடித்துப் போனார்கள். கூரையில் ஒரு கீறல்கூட இல்லை. பொருள் தொலையவும் இல்லை, உடையவும் இல்லை, அதனால் க்ளெய்ம் கிடைக்காது என்று கலீமுல்லா வருத்தத்தோடு சொன்னார். நல்ல மனுஷர்தான், ஆனால் கண்ணால் கண்டதைத்தானே எழுத முடியும்? டீச்சருக்கு அழுகை முட்டியது. அதைவிடக் கோபம். மட்டம் போட்ட பிள்ளையை அதட்டுகிற குரலில், "போறும், இறங்கு!" என்றார். கூரை அசையவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்து, தொடையில் தாளம் தட்டிச் சரளி வரிசையை ஆரம்பித்தார். இருபது வருஷமாகக் கேட்ட பாடமாயிற்றே! மேல் ஸட்ஜத்திலிருந்து டீச்சர் இறங்க இறங்க, கூரையும் ஸ்வரத்துக்கு ஒரு படியாக இறங்கி அவர் தலைக்கு மேல் வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. டீச்சர் பாடிக்கொண்டே அடையாறு பாலத்தில் நடந்தார், கூரை கூடவே வந்தது. பஸ் கிடைக்காத நாலைந்து பேர் அதனடியில் ஒண்டிக்கொண்டார்கள். சாந்தோம் வரும்போது டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது, கூரை தள்ளாடியது. கலீமுல்லா கூச்சத்தை விட்டு, அதுவரை காதில் விழுந்ததை வைத்து மிச்சத்தைப் பாடினார். சுருதி சேரவில்லை. கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்து அவரை மட்டும் நனையவிட்டது, ஆனாலும் வீடு வந்து சேர்ந்தது.

க்ளெய்ம் தள்ளுபடியானது. மறுநாளே வகுப்பு நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கலீமுல்லாவும் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். மழை பெய்தால், வகுப்பு விட்டதும் கூரை பிள்ளைகளை வீடு வீடாகக் கொண்டுவிட்டுத் திரும்பியது. அடுத்த வருஷம் பாலிசியைப் புதுப்பிக்கும்போது, கலீமுல்லாவின் சிபாரிசில், கூரையை மட்டும் வீட்டு இன்ஷூரன்ஸிலிருந்து எடுத்து வண்டி இன்ஷூரன்ஸில் சேர்த்தார்கள். ஆபீஸில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.