ரெண்டு தட்டுக்கும் ஒரே தீனி

சவப்பெட்டியில் கிடந்த அப்பாவுடைய கோட்டின் இடது கைக்குள் இரண்டாவது டர்க்கித் துண்டைத் திணித்துக்கொண்டிருந்தாள் ஜோவிதா. முதல் துண்டு முழங்கைக்குக் கீழே இறங்கிப் போய், அப்பாவின் கை அந்த இடத்தில் மட்டும் வீங்கிக் கிடந்தது. அதை விரலால் மேலே தள்ளினாள். கோட்டின் முதுகை நீளமாகக் கத்தரித்துத்தான் அவருக்கு மாட்டியிருந்தார்கள். அதனால் வேலை சுலபமாக இருந்தது. மனதுக்குத்தான் சுலபமாக இல்லை.

"புஜத்துல இன்னும் கொஞ்சம் வெய்ம்மா," என்றார் கிளாரன்ஸ் அங்கிள். "உங்கப்பனுக்கு லெஃப்ட்தான் பெருசு. ரைட்ல எவ்ளோ தூக்கினாலும் லெஃப்ட் சைஸுக்கு வரல. அதுக்கு எங்கிட்ட சண்டை போடுவான், என்னமோ நான் வரவேணாம்னு சொன்ன மாதிரி."

கிளாரன்ஸ், அப்பா சாலமனோடு கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களின் ஒரே லைன் வீட்டு வரிசையில் வளர்ந்தவர். ஒன்றாகப் பளு தூக்கி, ஒன்றாகவே பெங்களூருக்கு வேலைக்கு வந்தவர்கள் இருவரும். இந்த லிங்கராஜபுரம் வீட்டு மொட்டை மாடியில் ஒரு ஜிம் வைத்து, தெருவில் பாதிப் பேருக்குத் தோள் வளர்த்துவிட்டிருந்தார்கள். அந்தப் பாதிப் பேருக்கும் இப்போது தொப்பை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆயித்தா? முடிஞ்சுதா?" என்று பெட்டியின் தலைமாட்டிலிருந்து அம்மா கேட்டாள். "நெஞ்சுலயும் ஒண்ணு வெய்யி ஜோவி. மலர் வர்றதுக்குள்ள முடி."

இளைத்த உடம்பு தெரியாமல் துண்டு வைக்கிற யோசனையே அம்மாவுடையதுதான். மலர், அப்பாவின் ஒரே தங்கை. தங்கவயலிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள். போன கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவள் அண்ணனைப் பார்க்கவே இல்லை. வருகிறேன் என்று சொன்ன ஒவ்வொரு முறையும், "உடம்பு தேறட்டும், அப்புறம் வா" என்று அப்பாவே தடுத்துவிட்டார். அதனால் விசாரிப்பெல்லாம் போனில்தான். "குரலே இளைச்சுக் கிடக்கு, எங்கண்ணனுக்குச் சோறு போடறீங்களா இல்லையா அண்ணி?" என்று ஒருநாள் கேட்டாள். வழக்கமான நாத்தனார் கேலிதான். அம்மாவும் சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். மறுநாளிலிருந்து ஆட்டுக்கால் சூப் இரண்டு வேளையானது.

அம்மா ஜோசபின் அந்த மாதங்களில் சமைத்ததைச் சொல்லி மாளாது. காலையில் ராகிக் கஞ்சி, நடுவில் அவித்த முட்டை, மத்தியானம் ஈரல் வறுவல். இது போதாதென்று ஜிம் பையன்கள் குடிக்கிற புரோட்டீன் பவுடரை வாங்கி வந்து தோசை மாவில் கலந்தாள். அந்தத் தோசை கல்லை விட்டு வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. அப்பா அதையும் தின்றார். தின்று தின்று இளைத்தார். முதலில் தோள் போனது, அப்புறம் தொடை. கணையத்தில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதை அம்மா நம்பினாள். ஆனால் நோய் டாக்டர் பொறுப்பு, உடம்பு தன் பொறுப்பு என்று மனதுக்குள் பிரித்து வைத்துக்கொண்டுவிட்டாள்.

நேற்றுக் காலை உயிர் பிரிந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "போட்டது பத்தல." அழவில்லை. அதை மட்டும் சொல்லிவிட்டு அவருடைய மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பதில் ஜோவிதாவிடம் இருந்தது. சொல்லக் கூடாது என்று அப்பா வாங்கிக்கொண்ட சத்தியமும் இருந்தது.

அவள் வேலையே தசைதான். ஊருக்கு வடக்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், எலியின் தசைச் செல்களைச் சின்னச் சின்னத் தட்டுகளில் வளர்ப்பவள். நோய் தெரிந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு அப்பா அங்கே வந்தார். "நீ என்னதான் வளக்கறே, காட்டு," என்றார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் குழந்தையாகிவிட்டார். செல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நீள நீளமான நாராகி, தட்டுக்குள் தாமாகவே துடித்துக்கொண்டிருந்தன.

"அட, எக்சர்சைஸ் பண்ணுதும்மா! யாரு கோச்சு?"

"அதுவாவே பண்ணுது டாடி."

பக்கத்துத் தட்டையும் காட்டினாள். அதில் நார்கள் நூலாக மெலிந்திருந்தன.

"இதுக்கு ஏம்மா தீனி போடல? பாவம்."

"ரெண்டு தட்டுக்கும் ஒரே தீனிதான் டாடி. இதுல மட்டும் கேன்சர் செல் வளந்த தண்ணியைக் கொஞ்சம் ஊத்தினேன்."

அப்பா கண்ணை எடுக்கவில்லை. ஏன் அப்படி என்று கேட்டார். அவள் சொன்னாள். தசை என்பது கட்டி முடித்த வீடு இல்லை, தினமும் கொஞ்சம் கட்டிக்கொண்டும் கொஞ்சம் இடித்துக்கொண்டும் இருக்கிற வீடு. பளு தூக்கினால், கட்டு என்ற உத்தரவு செல்லுக்குப் போகும். இந்த நோயோ, இடி என்ற உத்தரவை விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். இடிக்கிற இயந்திரம் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை, செல்லுக்குள்ளேயே இருக்கிறது. உடைக்க வேண்டிய புரதத்துக்கு ஓர் அடையாளம் ஒட்டி, உள்ளே இழுத்துத் துண்டு துண்டாக்கிவிடும். வாசலில் செங்கல்லும் மணலும் வந்து குவிந்தாலும் கொத்தனார் கரண்டியைத் தொடமாட்டார்.

"அப்போ உங்கம்மா போடற முட்டை?"

"கொஞ்சம் தெம்பு குடுக்கும் டாடி. சதையா நிக்காது."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டை அப்போதே தோளில் தொங்க ஆரம்பித்திருந்தது. கொஞ்ச நேரம் தன் இடது கையை மடக்கி மடக்கிப் பார்த்தார்.

"ஜோசிகிட்ட சொல்லாதம்மா," என்றார். "சொன்னா அடுப்பை அணைச்சிட்டு உக்காந்துடுவா. அவளுக்கு வேற என்ன இருக்கு செய்ய? அவ ஆக்கட்டும், நான் தின்னறேன். சத்தியம் பண்ணு."

செய்தாள். அதன் பிறகு அப்பா தட்டில் விழுந்ததையெல்லாம் தின்றார். சில நாள் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தமில்லாமல் வாந்தி எடுத்தார். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்து, "ஜோசி, இன்னைக்கு சூப்ல மிளகு தூக்கல், சூப்பர்," என்றார். ஜோவிதா வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

தெருவில் "அண்ணா" என்று குரல் கேட்டது. நாற்காலிக்காரர்கள் எழுந்து வழிவிட்டார்கள். மலர் அத்தை செருப்பை எங்கேயோ உதறிவிட்டு ஓடி வந்தாள். அண்ணன் முகத்தை ஒருமுறை பார்த்தாள், அடுத்த நொடி அவருடைய இடது கையை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டாள். சின்ன வயதில் அந்தக் கையைப் பிடித்துத் தொங்கித்தான் அவள் ஊஞ்சல் ஆடியிருக்கிறாள்.

கை மெத்தென்று அமுங்கியது.

அத்தையின் அழுகை பாதியில் நின்றது. மறுபடியும் அமுக்கிப் பார்த்தாள். கோட்டுக் கையின் நுனியிலிருந்து பூப்போட்ட டர்க்கி டவலின் மூலை ஒன்று எட்டிப் பார்த்தது. கிளாரன்ஸ் அங்கிள் தீவிரமாக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் வெக்கச் சொன்னேன் மலர்," என்றாள் அம்மா. "நீ பாத்தா தாங்கமாட்டேன்னு. நீ கேட்டியே, சோறு போடறீங்களா இல்லையான்னு. போட்டேன். பத்தல. என் கையில ஏதோ கோளாறு. கல்லு மாதிரி இருந்த மனுஷனை இப்படி ஆக்கிட்டேன்."

"ஐயோ அண்ணி, நான் சும்மா வெளையாட்டுக்குக் கேட்டது..."

"நீ கேட்டதுல தப்பே இல்ல."

ஜோவிதா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தான் இதை இப்படியே விட்டால் அம்மா மீதி வாழ்நாள் முழுக்க இதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருப்பாள். அடுப்பு அணையக் கூடாது என்றுதான் அப்பா சத்தியம் வாங்கினார். சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. நேற்றிலிருந்து சமையலறை சில்லிட்டுக் கிடந்தது. இனி யாருக்காக அந்தச் சத்தியம்?

"மம்மி, சாப்பாட்டுல ஒண்ணும் இல்ல," என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு தட்டு, ஒரே தீனி, இடி என்று வருகிற உத்தரவு. கொத்தனாரையும் சொன்னாள். "நீ ஒரு ஆட்டையே ஆக்கிப் போட்டிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருப்பார். உன் கையில கோளாறு இல்ல மம்மி."

அவள் பயந்த கேள்வியைத்தான் அம்மா முதலில் கேட்டாள். "அப்போ நான் போட்டதெல்லாம் வீணா?"

"டாடிக்குத் தெரியும். ஆரம்பத்துலயே லேபுக்கு வந்து கண்ணால பாத்தார். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

அம்மா அவளையே பார்த்தாள். "தெரிஞ்சா தின்னார்?"

"தெரிஞ்சுதான்."

"அந்தப் பவுடர் தோசையை?"

"அதையும்தான்."

அம்மா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பென்றும் அழுகையென்றும் பிரிக்க முடியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. "அதை நாய்கூடத் தின்னாதுடி," என்றாள். "எனக்கே வாயில வெக்க முடியல. இன்னொண்ணு போடு ஜோசின்னு கேட்டு வாங்கினாரே, பாவி மனுஷன்." அப்புறம்தான் உடைந்து அழுதாள், நேற்றிலிருந்து முதல் தடவையாக. மலர் அத்தை பெட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அந்த நேரத்தில் அப்பாவின் மீது ஜோவிதாவுக்குப் பொங்கிய அன்பை வைக்க இடமில்லாமல் அவளும் அழுதாள்.

அழுது ஓய்ந்ததும் அம்மா மூக்கைத் துடைத்தாள். "எடுத்துடு எல்லாத்தையும். அவர் இருக்கற மாதிரியே போகட்டும்."

மூன்று பேருமாகத் துண்டுகளை உருவினார்கள். கோட்டுக் கை தட்டையாக அடங்கியது. மலர் அத்தை அதை மேலே சுருட்டி, அண்ணனின் மெலிந்த கையை வெளியே எடுத்து முத்தமிட்டாள்.

பங்குச் சாமியார் வந்து ஜெபம் முடித்தார். மூடியை வைத்து ஆணி அறைந்தார்கள். கிளாரன்ஸ் அங்கிள் வாசலிலிருந்த பழைய ஜிம் பையன்களில் ஐந்து பேரைக் கூப்பிட்டுப் பெட்டியைச் சுற்றி நிறுத்தினார், தானும் தலைமாட்டுக்குப் போனார். "முட்டியை மடக்கு. முதுகு நேரா இருக்கட்டும். மூச்சை இழு," என்று பழக்கத்தில் சொன்னார். அவர்களும் பழக்கத்தில் அப்படியே நின்றார்கள். அவர்கள் மனதில் இருந்தது பழைய சாலமன்.

"பாத்துத் தூக்குங்கப்பா," என்றாள் அம்மா. "நான் போட்டது அத்தனையும் உள்ளதான் இருக்கு."

தூக்கினார்கள். பெட்டி, யாரும் நினைக்காத வேகத்தில், விசுக்கென்று தோளுக்கு வந்துவிட்டது. ஒரு கணம் ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கிளாரன்ஸ் அங்கிள் அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, பெரிய பாரத்தைத் தாங்குகிறவர் மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு முட்டியைக் கொஞ்சம் மடக்கினார். மற்றவர்களும் மடக்கினார்கள். சந்து முனையில் நின்ற வேன் வரைக்கும் அவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து நடந்தார்கள்.