நீலப் பையில் நீலக்கல்

மலைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் கல்லக்கா முதலில் நினைத்தாள். தனக்குப் பிடித்துவிட்டது என்று நினைப்பதைவிட அது கொஞ்சம் கௌரவமாக இருந்தது.

மலைக் காப்பக அலுவலகத்தில் பாறைகளைப் பார்க்கிறவள் அவள். எந்தப் பாறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரைபடம் போடுவது வேலை. வயதில் மூத்தவர்கள்கூட கல்லக்கா என்றே கூப்பிட்டுப் பழகியதில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளக் கணக்கோடு நின்றுபோயிருந்தது. இப்போது மேசைமேல் விரிந்துகிடந்த வரைபடம் அவளுக்கே தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஓடைக்கரையில் செந்நிறக் கார்னெட் பதிந்த கல். உச்சியில் காக்காப்பொன் மினுங்கும் கல். இருக்கவே கூடாத இடத்தில் வெள்ளைப் படிகக்கல். அக்கம்பக்கமாக இருக்கவேண்டிய பாறைகள் மனஸ்தாபம் வந்த சம்பந்திகள் போல ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தன. போதாக்குறைக்கு, கல்லெடுத்து வந்த பைகளில் ஒன்று வேறு குறைந்தது. மழையில் மலையிலேயே தவறவிட்டுவிட்டோம் என்று அதற்கும் தன்னையே திட்டிக்கொண்டாள்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவதுபோல வடக்குச் சரிவில் ஒரு நீலக்கல்.

மலையின் மற்றப் பக்கங்கள் காப்பகத்துக்குள் இருந்தன. வடக்குச் சரிவு மட்டும் வெளியே. அதைக் கல்குவாரிக்கு விடுவதா, காப்பகத்தோடு சேர்ப்பதா என்று முடிவெடுக்க ஒரு குழு கூடப்போகிறது. அரிய பாறை ஏதாவது இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். ஊர் முழுக்கக் கிடக்கிற சாதாரணக் கல்தான் என்றால் வெடிவைத்து உடைப்பார்கள். கல்லக்காவுக்கு அந்தச் சரிவின்மேல் ஓரவஞ்சனையான பாசம் உண்டு. வெயில் எட்டாத பாறை இடுக்குகளில் நீர் கசிந்துகொண்டே இருக்கும். கையை வைத்தால் எடுக்க மனம் வராது.

நீலக்கல் கிடைத்ததில் குதித்திருக்க வேண்டியவள்தான். ஆனால் குதிக்க முடியவில்லை. கயனைட் என்ற அந்தக் கனிமத்தைக் கத்தியால் நீளவாக்கில் கீறினால் கோடு விழும், குறுக்கே கீறினால் கத்திதான் தோற்கும். கீறிப் பார்த்தாள். கல்லைப் பற்றிச் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் தன்மேல்தான். வடக்குச் சரிவில் ஏறிய அன்று மேகம் இறங்கி, நீட்டிய கை தெரியாமல் கிடந்தது. உடம்பில் காய்ச்சல் கனன்றுகொண்டிருந்தது. தட்டுத்தடுமாறி ஒரு பாறையை உடைத்துப் பைக்குள் போட்டாள். பிறகு பிடித்த மழையில் குறிப்பேடு கூழாகிவிட்டது. இதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. நீலம் மட்டும் இல்லை. இப்படி ஒரு நீலத்தைக் கையில் எடுத்துவிட்டு மறக்கிற மண்டை என்ன மண்டை?

அவளுடைய மேலதிகாரிக்கு அலுவலகத்தில் ‘பார்க்கலாம் சார்’ என்று பெயர். விடுப்புக் கேட்டாலும் பார்க்கலாம், நாற்காலிக் கால் உடைந்தாலும் பார்க்கலாம். அப்பேர்ப்பட்டவர் நீலக்கல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இது ஒன்றே போதும், குழு வாயைத் திறக்காது என்று சொல்லித் தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அவர் இவ்வளவு தெளிவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

ஆனால் வரைபடம் ஒத்துக்கொள்ள வேண்டுமே. பழைய களிமண் பூமிக்கடியில் நசுங்கிச் சூடேறித்தான் இந்த நீலமாகும். அந்தக் களிமண்ணின் பட்டை தெற்கே இருக்கிறது. அதை வடக்கே கொண்டுவர மலைக்குள் ஒரு மடிப்பு வரைந்தாள். கார்னெட்டுக்காக இன்னொன்று. படிகக்கல்லுக்காக நடுவே ஒரு வெட்டு. கடைசியில் மலை பிழிந்துபோட்ட துணி மாதிரி ஆகிவிட்டது.

வீட்டில் சாப்பிடும்போதும் மடிப்பைப் பற்றியே பேசினாள். அவள் கணவர் தையல்காரர், முன்னறைதான் கடை. மனைவி கல்லெடுத்து வரும் பைகளெல்லாம் அவர் கைவேலை. வெட்டி மிஞ்சிய துணியில் தைத்து, மழைக்கும் அழியாதபடி வரிசை எண்ணை நூலாலேயே போட்டுத் தருவார். எந்த எண் எந்த இடத்துக்கு என்று கிளம்பும் முன்பே அவள் முடிவு செய்துகொள்வாள். ஒரு துணிக்கு இத்தனை மடிப்பு வைத்தால் உடுத்துகிறவர் நடக்க முடியாதே என்று அவர் சிரித்தார். கல்லக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

குழு கூடுவதற்கு முதல் நாள் மதியம், கடைசியாக ஒருமுறை சரிபார்க்கலாம் என்று பைகளைத் தூக்கிவந்து கணவரின் வெட்டு மேசைமேல் வரிசையாக வைத்தாள். அலுவலகத்துக் கற்களையும் ஒவ்வொன்றாக அதனதன் எண்ணுள்ள பையின்மேல் வைத்தாள். சிவப்புப் பையில் கார்னெட். வெள்ளைப் பையில் படிகம். பளபளக்கும் சாட்டின் பையில் காக்காப்பொன். வடக்குச் சரிவின் எண் போட்ட பை மட்டும் கல் இல்லாமல் கிடந்தது, அதன் கல் சாரின் இழுப்பறையில் இருந்தது. அதன் நிறம் நீலம்.

கல்லக்கா திருதிருவென்று விழித்தாள்.

“அழகா இருக்குல்ல?” என்றார் தையல்காரர், ஊசியில் நூல் கோத்தபடி. “நீ காய்ச்சல்ல படுத்திருந்தப்ப பையெல்லாம் ஒரே சேறு. துவைச்சு, தேய்ச்சு, எந்தக் கல்லு எந்தப் பைக்குப் பொருந்துதோ பார்த்துப் போட்டு வெச்சேன்.”

அவள் கல்லில் எண் எழுதியது காய்ச்சல் விட்டு எழுந்த பிறகு. பையைப் பார்த்து எழுதியது. அந்த எண் எதற்கென்று நினைத்தீர்கள் என்று கேட்டாள்.

“பை தொலையாம எண்ணிக்க. போன தடவை ஒண்ணு குறையுதுன்னு கத்தினியே.” அவர் முகத்தில் இன்னும் பெருமை வாடவில்லை. “எங்க தொழில்ல அளவுச் சீட்டைத் துணியிலதான் குத்துவோம், பையில இல்ல. கல்லுல ஒண்ணும் இல்லையே.”

“நீலக்கல் எந்தப் பையிலேர்ந்து விழுந்துச்சு?”

“பச்சை. பச்சைக்குள்ள நீலம், கண்ணை உறுத்துச்சு. அதான் ஞாபகம் இருக்கு.” எழுந்துபோய் அலமாரியிலிருந்து மடித்து வைத்த பச்சைப் பையை எடுத்து வந்தார். “பச்சைக் கல்லு எதுவும் இல்ல, சரி இருக்கட்டும்னு வெச்சுட்டேன்.”

தெற்குச் சரிவின் எண். அங்கே எடுத்தது சேறு அப்பிய கல், நீலம் தெரிந்திருக்காது. களிமண் பட்டை ஓடும் இடம். அவள் மண்டைக்குள் இத்தனை நாள் கசங்கிக் கிடந்த மலை ஒவ்வொரு மடிப்பாக விரிந்து நேரானது. அதில் அவளுக்குத் துளிகூடச் சந்தோஷம் இல்லை.

“அப்ப நீலப் பையில?”

அவர் குனிந்து தையல் மெஷினின் காலைக் காட்டினார். “அது பாவம், எந்த நிறத்தோடயும் சேரல. கால் ஆடிட்டே இருந்துச்சா, அணை குடுத்தேன். கேட்டா தரலாம்னுதான் இருந்தேன்.”

மெஷினைத் தூக்கிக் கல்லை எடுத்தாள். கழுவினாள், நனைத்தாள், காயவைத்தாள், லென்ஸில் பார்த்தாள். சாம்பலில் வெள்ளை வரி. ஊரில் பாதி வீட்டுப் படிக்கட்டு இந்தக் கல்தான். ஒரு மினுக்கமாவது இருக்காதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காய்ச்சல் கையோடு மேகத்துக்குள் இதை உடைத்தது இப்போது அப்படியே நினைவுக்கு வந்தது. விரலில் அதே சில்லிப்பு.

மனைவியின் கண் கலங்கியதைப் பார்த்த பிறகுதான் தையல்காரருக்கு விஷயம் உறைத்தது. அவள் சொன்னதை முழுவதும் கேட்டுக்கொண்டவர் நூல்கண்டை மேசைமேல் வைத்தார்.

“நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்” என்றார்.

அவள் சாம்பல் கல்லை நீலப் பைக்குள் போட்டாள். சரிவு பிழைக்க அந்த ஒரு வாக்கியம் போதும் என்பது இருவருக்கும் தெரிந்தது.

மறுநாள் காலை குழு வருவதற்கு முன்பே அவள் பார்க்கலாம் சாரின் அறைக்குள் போய், சாம்பல் கல்லை மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னாள். வடக்குச் சரிவிலிருந்து வந்தது இதுதான் என்றாள். அவர் இழுப்பறையைத் திறந்து நீலக்கல்லைப் பார்த்தார், மூடினார். அவரும் அந்தச் சரிவை நேசிப்பவர் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

“மேகம், காய்ச்சல், ஞாபகம் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க. குழப்பமா இருந்தா குழப்பம்னே எழுதிடலாம். ஒருத்தரும் தப்பு சொல்ல முடியாது.” குரலைத் தாழ்த்தினார். “நிச்சயமாத் தெரியுமா?”

தெளிவு வேண்டும், தெளிவு வேண்டும் என்று இத்தனை நாளும் தவித்தவள் அவள். குழம்பிக் கிடந்த நாட்கள் எவ்வளவு சுகமானவை என்று இப்போது தெரிந்தது.

“தெரியும் சார்.”

அவர் சாம்பல் கல்லைக் கையில் எடுத்தார். பார்க்கலாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று கல்லக்கா முதன்முறையாக ஏங்கினாள். அவர் சொல்லவில்லை; அதைக் குழுவுக்கான கோப்பின்மேல் வைத்தார்.